ஈன்றணிமையும் உடல் நிறையும்: நல அறிவுரை எழுத்துக்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழிலே ‘புனிறு’ என்றொரு பழஞ்சொல் உண்டு. தொல்காப்பிய உரியியல் அதற்கு ஈன்றணிமை எனப் பொருள் கூறும். ஈன்றதன் அண்மைக் காலத்தை, அக்காலத்து உடலின் தனித்த நிலையை அச்சொல் சுட்டியது. கன்றீன்ற ஆவுக்கும் மகவீன்ற பெண்ணுக்கும் பொதுவாக வழங்கியமையால், அதனிடத்தே இழிவோ நாணமோ இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அது அகராதியில் மட்டுமே வாழும் சொற்களுள் ஒன்றாகிவிட்டது. பிள்ளை பிறந்ததன் பின்னுள்ள நாட்களைக் குறிக்க யாழ்ப்பாணத்து வழக்கில் எஞ்சி நிற்பது ‘துடக்கு’ என்ற சொல்லாகும். அது விலக்கைக் குறிப்பது. ஏட்டு வழக்கில் உள்ளது ‘பிரசவத்தின் பின்’ என்ற தொடர். அது வெறுங் காலக் குறிப்பு. ஒன்று பெண்ணை ஒதுக்கிவைக்கிறது. மற்றையது அவளைப் பற்றி எதுவுமே கூறவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் தொட்டிலருகே நின்றனரேயன்றிப் பாயிற் கிடந்தவள்பாற் பார்வையைத் திருப்பினாரல்லர்.

பழஞ்சொல் ஒழிந்த இடத்தில் இன்று வேறொரு தொடர் வந்து குடியேறியுள்ளது. ‘பழைய உடல்’ என்பதே அது. மகவு பெற்றவள் தன் பழைய உடலுக்குத் திரும்ப வேண்டும், அதற்கென நிறையைக் குறைக்க வேண்டும், இத்தனை வாரங்களுள் குறைக்க வேண்டும் என்று கூறும் எழுத்துக்கள் ஞாயிற்றுப் பத்திரிகைகளின் மகளிர் பகுதிகளிலும், பெண்கள் சஞ்சிகைகளிலும், நல ஆலோசனைப் பத்திகளிலும் இடையறாது வெளிவருகின்றன. இலக்கிய விமர்சனம் இவ்வகை எழுத்துக்களைப் பொருட்படுத்துவதில்லை. நாவலொன்றை ஆயிரம்பேர் வாசித்தாலே அதன் பாத்திரங்களையும் நோக்குநிலையையும் ஆராயப் பலர் முன்வருவர். பல்லாயிரம் பெண்கள், அதுவும் உறக்கமிழந்து உடல் நொந்திருக்கும் வேளையில், வாசித்து நம்பும் அறிவுரைக் கட்டுரையை எழுத்தாகக் கொண்டு நோக்குவார் அரியர். அது மருத்துவத்தின் பாற்பட்டது என ஒதுக்குவது எளிது. ஆயினும் அக்கட்டுரை மருத்துவம் மட்டுமன்று. அது ஒரு மொழிச் செயல். யார் யாரை நோக்கி, எந்த வேற்றுமையில், எந்த வினையைக் கொண்டு பேசுகின்றனர் என்ற வினாக்கள் அதற்கும் உரியன.

இக்கட்டுரைகளின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. முதலில் ஒரு நடிகையின் பெயர் வரும்; அவர் மகப்பேற்றின் பின் சில மாதங்களிலேயே முன்னைய தோற்றத்துடன் திரையில் தோன்றியமை வியந்து கூறப்படும். அடுத்து, ‘கவலை வேண்டாம், உங்களாலும் முடியும்’ என்ற தேறுதல். பின்னர் ஏவல் வினைகளின் அணிவகுப்பு: உண்ணுங்கள், தவிருங்கள், நடவுங்கள், அருந்துங்கள், உறங்குங்கள். ஈற்றிலே ‘மருத்துவரின் ஆலோசனையைப் பெறுங்கள்’ என்ற காப்பு வாக்கியம். ஏவலுக்கும் ஏவலுக்கும் இடையே காரண விளக்கம் பெரும்பாலும் இராது. ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், சலாது ஆகியவை இடம்பெறும். குரக்கனும் பயறும் நெத்தலியும் வல்லாரையும் அரிதாகவே இடம்பெறும். மூல ஆங்கிலக் கட்டுரையை உணவுப் பெயர்களோடு பெயர்த்தெடுத்தமையின் சுவடு இது. இக்குறை வெளிப்படையானது, எளிதில் திருத்தக் கூடியதுங்கூட. ஆகவே அதில் நெடிது நிற்க வேண்டியதில்லை. ஆழ்ந்த குறை, உடல் நிறையை இக்கட்டுரைகள் எவ்வகைப் பொருளாகக் கருதுகின்றன என்பதிலேயே உள்ளது.

கருவுற்ற காலத்தில் ஏறிய நிறையை இவை ‘மேலதிகம்’ என்றே குறிப்பிடுகின்றன. மேலதிகம் எனில் வேண்டாதது, களையத்தக்கது. உடற்றொழிலியலார் காட்டும் கணக்கு வேறு. ஹைற்றன், லீச் என்னும் இருவரும் 1964 இல் வெளியிட்ட மனிதக் கருக்கால உடற்றொழிலியல் பற்றிய நூல், ஆரோக்கியமான பெண்ணொருத்தியின் நிறையேற்றத்தைச் சராசரி 12.5 கிலோகிராம் எனக் கொண்டு அதனைப் பகுத்துக் காட்டியது. சிசு ஏறக்குறைய 3.4 கிலோகிராம், சூல்வித்தகமும் சிசுவைச் சூழ்ந்த நீரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோகிராம் வரை, வளர்ந்த கருப்பை ஒரு கிலோகிராம் அளவு, மார்பகம் 0.4, பெருகிய குருதி ஏறக்குறைய 1.4, இழையங்களிடையே தேங்கிய நீர் 1.5. இவையெல்லாம் போக எஞ்சுவது 3.3 கிலோகிராம் அளவான கொழுப்பு. சிசுவும் அதனைச் சார்ந்தவையும் நீங்குவதால் மகப்பேற்றுடனேயே ஐந்தாறு கிலோகிராம் குறைகிறது. தேங்கிய நீர் சிறுநீராய்க் கழிவதால் அடுத்து வரும் நாட்களில் மேலும் இரண்டு மூன்று கிலோகிராம் குறையும். கருப்பை சுருங்கி ஆறு வாரமளவில் நூறு கிராமிலுங் குறைந்த தன் அளவை அடையும். இவற்றுக்கு எந்த அறிவுரையும் வேண்டியதில்லை. அறிவுரைக் கட்டுரை போர் தொடுப்பது, சாதாரணமாக நிறையேறிய பெண்ணைப் பொறுத்தவரை, இறுதியில் எஞ்சிய அந்தக் கொழுப்பின்மீதேயாகும்.

அக்கொழுப்போ தற்செயலாகச் சேர்ந்ததன்று. உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் 2001 இற் கூட்டிய நிபுணர் குழு, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 675 கிலோகலோரி மேலதிகச் சக்தி வேண்டும் எனக் கணித்தது. நன்கு உண்டு வளர்ந்த தாயிடத்து இதில் 170 கிலோகலோரியை உடலிற் சேமித்த கொழுப்பே வழங்கும். எஞ்சிய 505 ஐ உணவு வழங்க வேண்டும். நாளொன்றுக்கு 170 வீதம் ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டால் வருவது ஏறக்குறைய 30,000 கிலோகலோரி. 3.3 கிலோகிராம் கொழுப்பில் அடங்கியிருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. பால் கொடுக்கும் காலத்துக்கென உடல் முன்கூட்டியே வைத்த வைப்பு அது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. வைப்பைக் கடன் என்று கூறி, அதனை ஆறு வாரத்துள் அடைத்துவிடும்படி ஏவுவதே இவ்வெழுத்தின் அடிப்படைப் பிழையாகும்.

இதே கணக்கின் மறுபாதி இன்னும் கூரியது. உண்ணப் போதாத நிலையிற் கருவுற்று, போதிய நிறையேறாத பெண்ணிடத்தே அவ்வைப்பு இல்லை. அவள் முழு 675 கிலோகலோரியையும் உணவிலிருந்தே பெற வேண்டும் என அந்நிபுணர் குழு கூறியது. ஆகவே மகப்பேற்றின் பின் நிறையைப் பேணுதல் என்பது ஒருத்திக்குக் குறைத்தலாகவும் இன்னொருத்திக்கு ஏற்றுதலாகவும் அமைகிறது. ‘நிறையைக் குறைக்க எளிய வழிகள்’ என்று மட்டுமே தலைப்பிடும் சஞ்சிகைக்குத் தன் வாசகி யார் என்பதில் ஐயமே இருப்பதில்லை. அவள் நகரத்தவள், மேசையில் அமர்ந்து உண்பவள், உடற்பயிற்சி நிலையம் செல்லத்தக்கவள். இரண்டாமவள் அச்சஞ்சிகைக்கு வாசகியல்லள். ஆகவே அவள் பிரச்சினையும் பிரச்சினையன்று.

இதனால், நிறை பற்றிய கவலையே வீண் என்று கொள்ளலாகாது. அவ்வாறு கூறுவார் இப்போது ஒரு சிலர் தோன்றியுள்ளனர். உடலை அப்படியே ஏற்றல் என்பது அவர்தம் வாதம். மனத்துக்கு ஆறுதல் தருவதாயினும் இவ்வாதம் குருதியிலுள்ள வெல்லத்தை மாற்றுவதில்லை. கருக்கால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும் வாய்ப்பு, அது காணாதோரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு என 2009 இலும், பத்து மடங்கினை அணுகும் என 2020 இலும் வெளியான தொகுப்பாய்வுகள் கணித்தன. தென்னாசியருக்குக் குறைந்த நிறையிலேயே இவ்வாபத்து நேர்வதைக் கருதி, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவொன்று 2004 இல், ஆசிய மக்களைப் பொறுத்து உடற்றிணிவுச் சுட்டி 23 ஐ எட்டும்போதே கவனம் வேண்டும் என்றது. சுவீடனில் 1,50,000 இற்கு மேற்பட்ட தாய்மாரின் பதிவுகளை ஆராய்ந்து 2006 இல் வெளியான ஆய்வோ, முதற் கருவுக்கும் இரண்டாங் கருவுக்கும் இடையில் நிறை கூடிய பெண்களிடத்து, அவர்கள் பருமனானவர்களாக இல்லாதபோதும், கருக்கால நீரிழிவும் குருதி அமுக்கக் கோளாறும் மிகுவதைக் காட்டியது. நிறை தோற்றத்தின் சிக்கலாக மட்டும் இருந்திருப்பின் அதனை அழகுக் குறிப்பாளரிடமே விட்டுவிடலாம். அது அடுத்த பிள்ளையையும் நாற்பது வயதின் நோயையும் தீர்மானிப்பதாலேயே அதுபற்றி எவ்வாறு எழுதப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

அவசரத்தைக் கண்டிப்பது, செய்யத்தக்கது எதுவுமில்லை என்பதுமன்று. வட கரோலினாவில் நடைபெற்று 2000 இல் வெளியான ஆய்வொன்றில், சற்று நிறை மிகுந்த 40 தாய்மார் பங்குபற்றினர். அனைவரும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள். மகப்பேற்றின் நான்காம் வாரத்திலிருந்து பத்து வாரம், அளவாக உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தோர் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் வீதம் குறைந்தனர். அவர்தம் குழந்தைகளின் வளர்ச்சி குன்றவில்லை. அதற்கு முன் 1994 இல் வெளியான இன்னோர் ஆய்வு, அளவான உடற்பயிற்சியாற் பால் குறைவதில்லை எனக் காட்டியிருந்தது. ‘பால் வற்றிவிடும்’ என்று பெண்களை அசையாது கிடத்தும் பழைய அச்சத்துக்கும், ‘ஒரே மாதத்தில்’ என்ற புதிய அவசரத்துக்கும் இவை ஒருங்கே விடையாகும். பிள்ளை பிறந்து முதல் வாரங்களில் உறுப்புக்கள் ஆறவும் பால் ஊறவும் விட்டு, பின்னர் சிறிது சிறிதாக, ஏறிய ஒன்பது மாதத்தினும் குறையாத காலத்தை இறங்குவதற்கும் கொடுப்பதே இவ்வறிவு தரும் நெறி. சிக்கனமான நெறி இது. கட்டுரையாசிரியருக்கு இதிற் பரபரப்பு ஏதும் கிட்டாமை உண்மையே.

இனி, பழைய முறையை நோக்கலாம். யாழ்ப்பாணத்து வீட்டில் மகப்பேற்றின் பின்னுள்ள முப்பத்தொரு நாளும் விரிவான ஒழுங்கொன்று நிலவியது. பல வீடுகளில் இன்றும் நிலவுகிறது. முஸ்லிம் மக்களிடையே நாற்பது நாள் இவ்வாறு கழியும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியவற்றை அரைத்து வைக்கும் சரக்குக் கறி, பால் சுரப்பதற்கெனச் சுறா, முருங்கையிலை, தாராளமாக நல்லெண்ணெய், இலைகளை அவித்த வெந்நீர்க் குளிப்பு, வயிற்றைச் சுற்றித் துணி கட்டுதல் என அது அமையும். இவ்வொழுங்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தாயின் தாயும் மாமியும் அயல் கிழவிகளும் வாய்மொழியாகப் பேணியது. அவ்வாய்மொழியின் இலக்கணத்தை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ‘பிள்ளைப் பெற்றவளுக்கு இதைக் குடுக்க வேணும், அதைக் குடுக்கக் கூடாது’ என்பதே அதன் வாக்கிய அமைப்பு. தாய் அங்கு எழுவாயல்லள். நான்காம் வேற்றுமையில் நிற்பவள். நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களுள் கொடையை முதலில் வைத்தனர் நம் இலக்கணகாரர். கொடுப்போர் இல்லாது கொடை இல்லை. ஆகவே அவ்வாக்கியம் தாயை நோக்கியதன்று, வீட்டை நோக்கியது. அரைப்பது யார், வெந்நீர் வைப்பது யார், இரவிற் பிள்ளையைத் தூக்குவது யார் என்ற வினாக்களுக்கு அது தன் அமைப்பிலேயே விடை வைத்திருந்தது.

இதனைக் கூறுவது பழமைக்குப் பல்லாண்டு பாடுவதற்கன்று. நான்காம் வேற்றுமையில் நிற்பவளுக்கு வாயில்லை. புண் ஆறாது என்று தண்ணீரை மட்டுப்படுத்தியபோதும், குளிர்ச்சி என்று பழங்களையும் கீரைகளையும் விலக்கியபோதும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. பால் கொடுப்பவள் தாகம் பொறுத்துக் கிடந்த துன்பத்தைச் சரக்குக் கறியின் சுவை ஈடுசெய்யாது. நிறையைப் பொறுத்தவரையிலும் இவ்வொழுங்கு ஒரு முரணைத் தன்னுட் கொண்டது. நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஏறக்குறைய 480 கிலோகலோரி உண்டு. பால் சுரக்க வேண்டிய மேலதிக உணவு முழுவதையும் எண்ணெய் ஒன்றே நிரப்பிவிடும். வயலிலும் தோட்டத்திலும் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து, அடுத்த வேளை உணவு நிச்சயமற்றிருந்த பெண்ணுக்கு முப்பத்தொரு நாளும் கிட்டிய அவ்வூட்டம் வரமாயிருந்தது. முன்னரே நன்கு உண்டு, பின்னரும் கதிரையில் இருந்தே தொழில் புரியும் பெண்ணிடத்து அதே ஊட்டம் நீரிழிவுக்கு வழியமைக்கிறது. வழக்கம் மாறவில்லை, வழக்கத்தைச் சூழ்ந்த வாழ்க்கை மாறிவிட்டது. உழைப்பின் தன்மை மாறும்போது உணவின் பொருளும் மாறும் என்பதை உணராத மரபுவாதம், எண்ணெய்ப் போத்தலையே பண்பாடு எனக் கொண்டு மயங்கும்.

வாய்மொழி வழக்குக்கும் இன்றைய சஞ்சிகைக் கட்டுரைக்கும் இடையில் ஈழத்துத் தமிழில் நிகழ்ந்த பெருமுயற்சியொன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்திய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்குவதிற் பல்லாண்டு உழைத்தார். அவர் முயற்சியில் 1857 இல் வெளிவந்தது ‘பிரசவ வைத்தியம்’. மகப்பேறு பற்றிய மேனாட்டறிவு அதன்வழித் தமிழ் நூலாகியது. அந்நூல் மாணவரை நோக்கியது. வைத்தியராகப் போகின்றவரோடு உரையாடுவது. அங்கு தாய் ஆராயப்படும் பொருள், அதாவது செயப்படுபொருள். ஆயினும் அக்காலத் தமிழாக்கத்தினிடத்து இருந்த ஒரு நேர்மையை மறுத்தலாகாது. தான் யாருடன் பேசுகிறது என்பதை அது அறிந்திருந்தது. அவர் செய்யக்கூடியதையே அவரிடம் கூறியது. கலைச்சொல்லுக்காகவும் அது வியர்வை சிந்தியது. இன்றைய அறிவுரையாளர் ‘மெற்றபோலிசம்’ என்ற சொல்லை விளக்கமின்றி எறிந்துவிட்டுப் போவதோடு இதனை ஒப்பிட்டால், நூற்றைம்பது ஆண்டிற் பெற்றது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்ற வினா எழாமற் போகாது.

சஞ்சிகைக் கட்டுரையிற் பெண் முதன்முறையாக எழுவாயாகின்றாள். ‘நீங்கள்’ என அவளையே விளித்துப் பேசுகிறது அது. தன் உடலைப் பற்றிய அறிவு தன் கையிலேயே வந்து சேர்வதை ஒரு பேறாகவே கொள்ளல் வேண்டும். கிழவியின் தடைக்கும் வைத்தியரின் மௌனத்துக்கும் இடையில் நெடுங்காலம் நசுங்கியவளுக்கு அது சிறிய விடுதலையன்று. ஆனால் எழுவாய்ப் பதவியுடன் அதற்குரிய ஆற்றல் வழங்கப்படவில்லை. ‘எட்டு மணிநேரம் உறங்குங்கள்’ என்ற ஏவலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் 940 தாய்மாரைத் தொடர்ந்து நோக்கி 2008 இல் வெளியான ஆய்வு, மகப்பேற்றின் ஆறாம் மாதத்தில் நாளொன்றுக்கு ஐந்து மணிநேரமோ அதனிற் குறைவாகவோ உறங்கிய பெண்களிடத்து, ஓராண்டின் பின்னும் ஐந்து கிலோகிராமுக்கு மேல் எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்ததைக் கண்டது. உறக்கம் நிறையோடு தொடர்புடையது என்பதில் அறிவுரையாளர் தவறவில்லை. ஆனால் பால் குடிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் உறக்கம் என்பது தாய் எடுத்துக்கொள்ளும் பொருளா, பிறர் அவளுக்குக் கொடுக்கும் பொருளா? இரவில் எழுந்து பிள்ளையின் துணி மாற்றுபவர் வேறொருவர் இருந்தாலன்றி, விடியற்காலையில் அடுப்பு மூட்டுபவர் வேறொருவர் இருந்தாலன்றி, அந்த ஏவல் பொருளற்ற ஒலியாகும். உறங்குதல் என்னும் வினைக்கு இலக்கணத்தில் எழுவாய் ஒன்றே போதும். வாழ்க்கையில் அதற்கு நான்காம் வேற்றுமையும் வேண்டியிருக்கிறது.

நடத்தலும் அவ்வாறே. அரைமணிநேரம் நடந்து வருவதற்கு அரைமணிநேரம் பிள்ளையை வைத்திருக்க ஒருவர் வேண்டும். அளவாக உண்பதற்குத் தனக்கென வேறாகச் சமைக்க நேரமும், பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைக் கொட்டாது தானே உண்ணும் பழக்கத்தினின்று விடுபடும் வசதியும் வேண்டும். இவ்வெழுத்துக்களிற் கணவன் ஓரிடத்தும் விளிக்கப்படாமை கவனிக்கத்தக்கது. தேநீர் தானே போட்டுக் குடியுங்கள் என்றோ, இரவில் ஒருமுறை நீங்கள் எழும்புங்கள் என்றோ அவனுக்கு ஓர் ஏவல் வினை கூட இல்லை. மாமியும் விளிக்கப்படுவதில்லை, சரக்கு அரைத்த கைகள் அவருடையனவாய் இருந்தும், எண்ணெயைக் குறைத்துக் கீரையைக் கூட்டுமாறு அவரிடம் எவரும் பேசவில்லை. வீடு என்னும் கூட்டெழுவாய் உடைந்தபின் அதன் சுமை முழுதும் ‘நீங்கள்’ என்ற ஒரு முன்னிலைப் பெயர்மீது விழுகிறது. நிறை குறையாதபோது குற்றமும் அவள்மீதே விழும். தோல்வியுற்றவளுக்கு அடுத்த இதழில் இன்னும் பத்து வழிகள் காத்திருக்கும். சஞ்சிகை விற்பனைக்கு அது கேடானதன்று.

மலையகத்தை நோக்கும்போது இக்குறை மேலும் துலக்கமாகிறது. கொழுந்து பறிக்கும் பெண் சரிவுகளில் நாள் முழுதும் நடக்கிறாள், கூடை சுமக்கிறாள். அவளுக்கு ‘நடைப்பயிற்சி’ என்று எழுதுவது அறியாமை. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தொழிலாளப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வார லீவை வழங்குகின்றன. மூன்றாம் பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதிற் பாதியே என்றிருந்த வேறுபாடு 2018 இல் நீக்கப்பட்டது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலைநாளில் இருமுறை பாலூட்ட இடைவேளை வழங்கவும் சட்டம் கூறுகிறது; பிள்ளை மடுவம் உள்ள இடத்து ஒவ்வொன்றும் அரைமணிநேரம், இல்லாத இடத்து ஒரு மணிநேரம். சட்டத்தின் மொழியிற் பெண் மீண்டும் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றாள். ஆயின் இங்கு கொடுப்பவர் கிழவியல்லர், முதலாளி; கொடைக்குப் பதில் கடப்பாடு. அவ்வகையில் அச்சட்டவாசகம், மகப்பேற்றின் பின்னான உடலைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைக்கும் எந்த அழகுக் கட்டுரையையும் விட அறிவியலுக்கு அண்மையில் நிற்கிறது. ஆனால் நாட்சம்பளம் பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கில் தங்கியிருக்க, மடுவம் மேட்டிலும் மலை பள்ளத்திலும் இருக்க, அந்த அரைமணிநேரம் நடையிலேயே கரைந்துபோவதும் உண்டு. அவளுக்கு வேண்டியது முழு 675 கிலோகலோரி, பருப்பும் முட்டையும் கருவாடும் கீரையும் கூடிய சோறு, குருதிச்சோகைக்கு இரும்புச்சத்து. 1973 இலிருந்து கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமென வழங்கப்படும் திரிபோஷா இவ்வுண்மையை ஏற்றதன் விளைவே. அது வீட்டுக்கு வந்தபின் யார் தட்டில் விழுகிறது என்பது மீண்டும் வீட்டின் வினா.

சொல்லளவில் ஒரு செய்தி. ‘குறைத்தல்’ என்ற வினை தமிழில் நிறையோடு சேரும்போது ‘குறை’ என்னும் பெயரும் நிழலாக உடன்வருகிறது. குறைக்க வேண்டியவள் குறையுடையவள் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ‘பேணுதல்’ என்பது அவ்வாறானதன்று. ஏற வேண்டியவளுக்கும் இறங்க வேண்டியவளுக்கும் அது பொதுவானது; நான்காம் வேற்றுமையோடும் எழுவாயோடும் இசைந்து வருவது. சொல்லை மாற்றினால் உலகம் மாறிவிடும் என நம்புவது பேதைமை. ஆயினும் தாயைச் சூழ்ந்து நிற்போர் யாவரையும் விளிக்கத் துணியும் கட்டுரையொன்று எழுதப்படின், அதற்குத் தக்க வினை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் குறித்தல் வேண்டும். அத்தகைய கட்டுரை முதல் மாதத்துக்கு மாமியோடும் கணவனோடும் பேசும். சரக்குக் கறியை அப்படியே வைத்து நல்லெண்ணெயை ஒரு கரண்டியாக்கச் சொல்லும். தண்ணீர்த் தடையைக் கைவிடச் சொல்லும். கருக்கால நீரிழிவு இருந்தவளை ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் குருதிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு வீட்டாரை ஏவும். பின்னரே, உடல் ஆறியபின், தாயோடு பேசத் தொடங்கும்.

ஈழத்திலே அதற்கொரு முன்மாதிரி ஏட்டிலன்றிக் காலிலேயே நடந்து திரிகிறது. 1926 இற் களுத்துறையிற் சுகாதாரப் பகுதி முறை தொடங்கப்பட்ட காலந்தொட்டு வளர்ந்துவந்த பொதுச் சுகாதார அமைப்பில், மகப்பேற்றின் பின் மருத்துவமாது வீடு தேடி வருகின்றார். அவர் வாசலில் நின்று தாயோடு மட்டும் பேசிவிட்டுப் போவதில்லை. அடுக்களையைப் பார்க்கிறார், மாமியோடு வாதிடுகிறார், வேலையால் வந்த கணவனையும் நிறுத்திவைத்துச் சில வார்த்தை கூறுகிறார். அவர் பேச்சை எவரும் எழுத்தாக்கிச் சஞ்சிகைக்கு அனுப்பியதில்லை. பின்னர் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகின்றாள். அங்கு தராசு பிள்ளைக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சி ஏட்டில் மாதந்தோறும் ஒரு புள்ளி இடப்பட்டு, புள்ளிகளை இணைத்துக் கோடு வரையப்படுகிறது. பிள்ளையைத் தராசில் இட்டுவிட்டுத் தாய் அருகே நிற்கிறாள்.